கல்லெறி மேட்டில் நாங்கள் எத்தனை பேர்

கயிறு விற்பவனுக்குப் பேய் பயம் இருந்தால் கடையைத் திறக்கவே முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரை சிம்மக்கல்லில் எங்களுக்குக் கயிற்றுக்கடை, அப்பா காலத்திலிருந்து. மாடு கட்ட, கிணற்றில் இறங்க, சாரம் கட்ட, தொட்டில் போட என்று வாங்கிப் போவார்கள். ஒருமுறை காலையில் ஒருவர் நாலு மீட்டர் நைலான் கயிறு வாங்கிப் போய்ச் சாயங்காலம் அதிலேயே தொங்கிவிட்டார். போலீஸ்காரர் அந்தக் கயிற்றைப் பையில் போட்டு எடுத்துவந்து உங்கள் கடைச் சரக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் அதே சுருளில் மிச்சம் இருந்ததை ஒரு கொத்தனாருக்கு வெட்டிக் கொடுத்தேன். அன்றைக்கும் நன்றாகத்தான் தூங்கினேன்.

ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால், சரக்கு போட்டுவிட்டு மலை ஏறினீர்களா என்று கேட்டிருப்பேன். நான் குடிப்பதில்லை. அன்று பகல் மூன்று மணி. இருட்டுகூடக் கிடையாது, மழை இருட்டு மட்டும்தான்.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும், அது இல்லாமல் இது புரியாது. என் தங்கை வசந்தி காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை பெயர் கதிரேசன். தனியார் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். நல்ல படிப்பு, நல்ல குணம், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் எங்கள் ஆட்கள் இல்லை. எங்கள் தாத்தா பம்ப்செட் வைத்து விவசாயம் பார்த்த காலத்தில் கதிரேசனின் தாத்தா எங்கள் வயலில் கூலிக்கு நின்றவர். இவ்வளவு சொன்னால் போதும், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மற்றது தானாகப் புரியும்.

கல்யாணம் முடிந்த அந்த வாரம், பழங்காநத்தத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த மாடிக்கு என் பெரியப்பா மகன்கள் இரண்டு பேரோடு போனேன். அங்கே செய்ததை விவரமாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கதிரேசனுக்கு இடது காது இன்றும் சரியாகக் கேட்காது. அது என் கை. அவர் போலீசுக்குப் போகவில்லை, வசந்தி காலில் விழுந்து தடுத்தாள் என்று பிறகு தெரிந்தது.

பெண் குழந்தை பிறந்த பிறகு அம்மா இறங்கி வந்தார். அம்மா இறங்கியதும் வீடு இறங்கியது. இரண்டு பேரும் விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தார்கள். நானும் பேசத்தான் செய்தேன். ஆனால் அவரை மாப்ள என்று கூப்பிட வாய் வராது. சார் என்பேன். கடைக்கு வந்தவர்கள் யார் இவர் என்று கேட்டால், தெரிந்தவர் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். அவர் மட்டும் விடாமல் மச்சான், மச்சான் என்றே கூப்பிடுவார்.

குழந்தைக்குக் காது குத்த வேண்டும் என்று பேச்சு வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஊர் உறவெல்லாம் கூடி இருக்கும்போது கதிரேசனுக்குப் பக்கத்தில் நான் உட்கார வேண்டும், இவர் என் மாப்பிள்ளை என்று என் வாயால் சொல்ல வேண்டும். நான் பிடிகொடுக்காமல் நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் வசந்தி கடைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, நீ அவர்கூட ஒரு நா முழுசா இருந்ததே இல்ல. ஒரே ஒரு நா இருந்து பாரு. அதுக்கப்புறமும் மனசு வரலைன்னா காதுகுத்து வேணாம், நாங்களும் இந்த ஊரு வேணாம்னு போயிர்றோம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு நாள்தான் இந்த நாள். கதிரேசன் தன் பள்ளிப் பிள்ளைகளை ஒரு பழைய மலைப்பாதையில் கூட்டிப்போக நினைத்து, முதலில் தானே நடந்து பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாடிப்பட்டிக்கு வடக்கே அடிவாரத்தில் தொடங்கிச் சிறுமலைக்கு ஏறும் குதிரைப் பாதை அது. மேலே தார் ரோடு வருவதற்கு முன்னால் வாழைத்தாரும் எலுமிச்சையும் குதிரை முதுகில் இந்த வழியாகத்தான் இறங்கினவாம். நாயக்கர் காலத்தில் பாவிய கல் என்கிறார்கள். இருக்கலாம், நான் ரசீது பார்க்கவில்லை. ஐப்பசி மாதம், மூன்று நாளாக அடைமழை. வேறு நாள் வைக்கலாமே என்றால், மழையில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தானே போகிறேன் மச்சான் என்கிறார். அனுமதி எல்லாம் அவரே வாங்கி வைத்திருந்தார். நான் என் பங்குக்குக் கடையிலிருந்து முப்பது மீட்டர் நைலான் கயிறு எடுத்துக்கொண்டேன்.

அடிவாரத்தில் வழிகாட்டி காத்திருந்தார். பெயர் சின்னக்காளை. ஐம்பது வயது இருக்கும். அந்தப் பாதையில் பல வருடம் குதிரையில் சுமை ஏற்றி இறக்கியவர். தலையில் ஒரு யூரியா சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, கையில் அரிவாளோடு நின்றார். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதல் கேள்வியே இதுதான்.

"நீங்க ரெண்டு பேரும் என்னண்ணே உறவு?"

"உறவெல்லாம் இல்ல. தெரிஞ்சவரு. சாரு ஸ்கூல்ல வேலை பாக்குறாரு" என்றேன். சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. நாலு வருடமாகச் சொல்லிச் சொல்லி நாக்கு அதற்கே பழகியிருந்தது.

"அப்பச் சரி" என்றார் சின்னக்காளை.

"ஏன், உறவா இருந்தா என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே. மேல கல்லெறி மேடுன்னு ஒண்ணு இருக்கு. மச்சினனும் மாப்ளையும் சேந்து அதைத் தாண்டக் கூடாது. ஒருத்தரு முன்ன போயி, கண்ணுக்கு மறைஞ்ச பெறகுதான் அடுத்தவரு போகணும். நானும் என் மச்சினனும் இருவது வருசம் ஒண்ணா குதிரை ஓட்டுனோம். ஒருநா கூட சேந்து தாண்டுனதில்ல."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. இதென்ன மூடத்தனம் என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு. ஆனால் சொல்லாததற்குக் காரணம் அது இல்லை. இவர் என் தங்கை புருஷன் என்று முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் சொல்வதற்குக்கூட எனக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை. கதிரேசன் குனிந்து ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "ஆமாண்ணே, தெரிஞ்சவங்கதான்" என்றார்.

அதற்குப் பிறகு நாள் முழுக்க அவர் என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை. சார் என்றார். எனக்கு அது சுருக்கென்றது. நான் நாலு வருடம் கொடுத்ததை அவர் ஒரு நாள் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான், ஆனாலும் கோபம் வந்தது.

ஏறத் தொடங்கும்போது காலை ஏழு மணி. முதல் ஒரு மணி நேரத்திலேயே என் உடம்பில் காய்ந்த இடம் என்று ஒன்றுமில்லை. பாதை என்றால் பாதை இல்லை, கல்லும் கல்லுக்கு நடுவே ஓடும் சேற்றுத் தண்ணீரும்தான். குதிரைக் குளம்பு தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு கல்லிலும் குழி. அந்தக் குழியில் பாசி. கால் வைத்தால் வழுக்கும், வைக்காவிட்டால் முள். உன்னிச்செடி இரண்டு பக்கமும் மூடிக்கிடந்தது, சின்னக்காளை அரிவாளால் வெட்டிக்கொண்டே முன்னால் போனார். நாலு தடவை விழுந்தேன். ஒரு தடவை முழங்கால் சில்லில் அடி, கண்ணில் பூச்சி பறந்தது. கணுக்காலில் அட்டை கடித்தது தெரியவே இல்லை, சாக்ஸ் சிவந்த பிறகுதான் பார்த்தேன். கடையில் உட்கார்ந்தே வளர்ந்த தொண்ணூற்றிரண்டு கிலோ உடம்பு. ஒவ்வொரு தடவை நான் தடுமாறும்போதும் கதிரேசன் நின்று, "சார், கையக் குடுங்க" என்றார். நான் கொடுக்கவில்லை. மரத்தைப் பிடித்தேன், முள்ளைப் பிடித்தேன், அவர் கையைப் பிடிக்கவில்லை.

பதினொன்றரை வாக்கில் ஒரு ஓடை குறுக்கிட்டது. வெயில் காலத்தில் தாண்டிக் குதித்துவிடுவோம் என்றார் சின்னக்காளை. அன்றைக்கு அது ஆறு. காப்பித்தூள் நிறத்தில் தண்ணீர், அதில் முழு மரங்கள் உருண்டு வந்தன, பாறைகள் அடியில் மோதிக்கொள்ளும் சத்தம் காலடியில் தரையிலேயே கேட்டது. தண்ணீர் கொஞ்சம் வடியட்டும் என்று இரண்டு மணிநேரம் ஒரு பாறை இடுக்கில் ஒடுங்கி உட்கார்ந்தோம். வசந்தி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றில் மழைத்தண்ணீர் சேர்ந்து கஞ்சியாகிவிட்டது. அதையும் தின்றோம். பிறகு சின்னக்காளை என் கயிற்றைக் கொண்டுபோய் அக்கரையில் ஒரு மருத மரத்தில் கட்டினார். இந்தப் பக்க நுனியைக் கதிரேசன் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நான் நடுவில்.

பாதி தூரம் போயிருப்பேன். ஏதோ ஒரு கட்டை வந்து தொடையில் மோதியது. இரண்டு கையும் கயிற்றை விட்டுவிட்டன. வாய்க்குள் மண், மூக்குக்குள் மண், தலை ஒரு பாறையில் உரசியது. செத்தோம் என்று நினைத்தேன், பயம்கூட வரவில்லை, அவ்வளவு வேகம். அப்போது என் சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. கதிரேசன் கரையில் இருந்து அப்படியே குதித்திருக்கிறார். கழுத்து நெரிய இழுத்துக்கொண்டுபோய் அக்கரைச் சேற்றில் போட்டார். குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தேன்.

ஒரு மனிதன் அந்த நேரத்தில் என்ன செய்வான்? கையெடுத்துக் கும்பிடுவான். நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். சின்னக்காளை கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஏறிவிட்டார். நாங்கள் இருவர் மட்டும் மெதுவாகப் பின்னால் ஏறினோம். கதிரேசன் மூச்சு வாங்கிக்கொண்டே, "காலையில அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்" என்றார். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"தண்ணியில இருந்து இழுத்துப் போட்டுட்டா நீயும் நானும் ஒண்ணாயிருவோமா?" என்றேன்.

ஆமாம், சொன்னேன். நீ என்றே சொன்னேன். உயிரைக் காப்பாற்றிய ஆளிடம். அவருக்குக் கடன்பட்டுவிட்டோம் என்ற எரிச்சல் என் உடம்பெல்லாம் ஓடியது. அவர் முகம் மாறவில்லை.

"காதைக் கேக்காமப் பண்ணீங்க. அதை நான் ஒருநாளும் கேட்டதில்ல. எம்புள்ளைக்குக் காது குத்துறப்ப வந்து பக்கத்துல ஒக்காருங்கன்னுதான் கேக்குறேன். அம்புட்டுத்தான்."

மேலே இருந்து சின்னக்காளை குரல் கொடுத்தார்.

"மேடு வந்துருச்சு! ஆளுக்கு ஒரு கல்லு எடுத்துட்டு வாங்க!"

பாதை வளைகிற இடத்தில், ஒரு பக்கம் பாறைச் சுவர், ஒரு பக்கம் சரிவு, நடுவில் அந்தக் குவியல் இருந்தது. ஆள் உயரம். எல்லாம் கைக்கு அடங்குகிற கற்கள், வந்தவர் போனவர் ஒவ்வொன்றாகப் போட்டவை. சுற்றிலும் எல்லாப் பாறையிலும் பாசி, அந்தக் குவியலில் மட்டும் ஒரு பொட்டுப் பாசி இல்லை. அதை அப்போதே கவனித்தேன், மழைக்குக் கழுவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னக்காளை தன் கல்லைப் போட்டார். "போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வாங்கண்ணே. அங்கிட்டு மரம் ஒண்ணு சாஞ்சு கெடக்கு, நான் கொப்பை வெட்டி வழி பண்றேன்" என்று சொல்லிவிட்டு வளைவில் மறைந்தார். அரிவாள் சத்தம் கேட்டது. கதிரேசன் தன் கல்லை மேட்டின் மேல் வைத்தார். எறியவில்லை, வைத்தார். வைத்துவிட்டு நடந்தார்.

நான் கல்லை ஓங்கினேன்.

இனிமேல் சொல்வதைத்தான் நம்பினால் நம்புங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவ்வளவு குளிரில், விரல் மரத்துப்போன மழையில், அந்தக் கல் சூடாக இருந்தது. யாரோ அதுவரை கையில் வைத்திருந்து கொடுத்தது மாதிரி. அதை நான் மேட்டில் போடவில்லை. கதிரேசன் மீது எறிந்தேன். நடு முதுகில் விழுந்தது. அவர் முன்னால் தடுமாறி, திரும்பி, ஒரு கையைத் தூக்கினார். அடுத்த கல் அந்தக் கையில் விழுந்தது. அடுத்தது தோளில், எலும்பு முறிகிற சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது.

நான் குனிந்து கல் எடுத்ததாக ஞாபகமே இல்லை. கையை நீட்டினால் கல் வந்தது. என் வலது பக்கமும் இடது பக்கமும் ஆட்கள் நின்றார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய கால்கள் தெரிந்தன, சேறு படிந்த கால்கள், கட்டைவிரல் அகன்ற பாதங்கள். வியர்வை நாற்றம் அடித்தது. அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை, வீட்டு ஆட்கள் பக்கத்தில் நிற்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டா இருப்போம்? "இந்தா தம்பி" என்று ஒருவர் கல்லை நீட்டினார். பந்தியில் சாம்பார் வாளியைக் கைமாற்றுகிற குரல். நான் வாங்கினேன். எறிந்தேன். எல்லோரும் சேர்ந்து எறிந்தோம், ஒருவர் கை இறங்கும்போது ஒருவர் கை ஏறும், சாரக்கட்டில் செங்கல் தூக்கிப்போடுகிற மாதிரி ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. கதிரேசன் மண்டியிட்டார். நெற்றி கிழிந்து ரத்தம் மழையோடு சேர்ந்து வெளுப்பாக ஓடியது. வாயைத் திறந்து ஏதோ சொன்னார். அந்த வாயைப் பார்த்துத்தான் அடுத்த கல்லை எறிந்தேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பயமில்லை, கோபம்கூட இல்லை, நாலு வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த பாரத்தை இறக்கிவைத்த மாதிரி, உடம்பெல்லாம் லேசாக, சந்தோஷமாக இருந்தது.

அதற்கு மேல் ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது என் வாய் சேற்றில் இருந்தது. யாரோ என் முதுகிலிருந்து கற்களை எடுத்து வீசிக்கொண்டிருந்தார்கள். அது சின்னக்காளை. எனக்குக் கீழே கதிரேசன் கிடந்தார். அவர் தலையை என் இரண்டு கையும் மூடியிருந்தன. மூச்சு இருந்தது.

"மேட்டைக் காணோம்ணே" என்றார் சின்னக்காளை. "அம்புட்டு மேட்டையும் காணோம்."

திரும்பிப் பார்த்தேன். குவியல் இருந்த இடம் வெறும் தரை. ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்த கற்கள் அத்தனையும் எங்களைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன, எங்கள் மேலும் கிடந்தன. பாறை எதுவும் சரியவில்லை, மேலே மலை அப்படியே இருந்தது. நாலு கொப்பு வெட்டுகிற நேரம்தான் ஆனது, பத்து நிமிடம்கூட இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவ்வளவு கல்லையும் ஒரு ஆள் எடுத்து எறிய ஒரு பகல் வேண்டும். பிறகு சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் யாரு?"

"என் தங்கச்சி வீட்டுக்காரரு" என்றேன். வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பளார் என்று கன்னத்தில் அறைந்தார். கடைவாயில் ரத்தம் வந்தது. "காலையில கேட்டேன்ல! கேட்டேன்லடா!" என்று கத்தினார். மறுபடியும் கையை ஓங்கினார், பிறகு அழுதுவிட்டார்.

கீழே இறங்கியதைச் சொல்லி மாளாது. ஓடையைத் தவிர்க்க வேறு பக்கம் சுற்றி இறங்கினோம். கயிற்றை இரண்டாக மடித்து, கதிரேசனை என் முதுகோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். சின்னக்காளை மாற்றிக்கொள்ளலாம் என்றார், நான் விடவில்லை. வழியெல்லாம் விழுந்தேன், முட்டி மேல் விழுந்தேன், மல்லாந்து மட்டும் விழாமல் பார்த்துக்கொண்டேன். நடக்கும்போதே சின்னக்காளை அந்தக் கதையைச் சொன்னார். குதிரை ஓட்டிய ஒருவனோடு அடிவாரத்தில் நிலம் வைத்திருந்த சம்சாரி வீட்டுப் பெண் ஒருத்தி இந்தப் பாதையில் ஓடினாளாம். மழை நாளாம். அந்த வளைவில் அவள் அண்ணன் தம்பிகள் மறித்தார்களாம்.

"எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணே. நாலுங்குறாங்க, அஞ்சுங்குறாங்க. நாங்க போடற கல்லு அவன் மேல போடறதில்ல. அடியில கெடக்குறது அவனுக எறிஞ்ச கல்லு. அது யாரு கைக்கும் சிக்கிறக் கூடாதுன்னுதான் மேல மேல போட்டு மூடிக்கிட்டே இருக்கோம்."

"அந்தப் பொண்ணு?"

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நடுராத்திரி ஆகிவிட்டது. கதிரேசனுக்குக் கழுத்தெலும்பு முறிவு, தலையில் பதினாலு தையல். எனக்குச் சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். என் முதுகைப் பார்த்து வசந்தி கத்திவிட்டாள். பிடரியிலிருந்து இடுப்பு வரை கன்றிப்போய், தனித்தனியாக, முட்டை முட்டையாக வீங்கியிருந்தது. பாறை சரிந்தது என்று சொன்னோம். டாக்டர் எழுதிக்கொண்டார், ஆனால் என் வலது உள்ளங்கையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். அங்கே தோல் முழுக்க உரிந்திருந்தது, விரல்களில் மூன்று நகம் பெயர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் கதிரேசன் பேசினார். வசந்தியும் அம்மாவும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நான் கதவோரம் நின்றேன். சொல்லிவிடுவார், என் தங்கை வாழ்க்கை இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"கல்லைப் போட்டுட்டுத் திரும்புனேன். நாலஞ்சு பேரு நின்னாங்க, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு. எறிய ஆரம்பிச்சுட்டாங்க. மச்சான்தான் ஓடியாந்து எம்மேல விழுந்தாரு. மாப்ள, தலையத் தூக்காதீங்க, மாப்ள, தலையத் தூக்காதீங்கன்னு கத்திக்கிட்டே கெடந்தாரு. அவரு இல்லேன்னா நான் இல்ல."

அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தோல் உரிந்த அதே கை. வசந்தி என் காலைத் தொடக் குனிந்தாள், நான் நகர்ந்துவிட்டேன்.

பிறகு ஆள் இல்லாத நேரத்தில் அவரிடம் கேட்டேன். "எறிஞ்சவங்கள்ல என்னைப் பாத்தீங்களா?" அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பாத்ததைத்தான் மச்சான் சொன்னேன். விடுங்க" என்றார். அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

நானும் விட்டுவிடத்தான் பார்க்கிறேன். என் முதுகைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. என் கையைப் பார்த்தால் எனக்கு ஞாபகம் இருப்பது சரி. ஒரே ஆள் எறிந்துகொண்டும் இருந்து, எறி வாங்கிக்கொண்டும் கிடக்க முடியுமா? மருந்து மயக்கம், தலையில் பட்ட அடி, ஓடையில் குடித்த தண்ணீர் என்று நீங்கள் ஆயிரம் சொல்லலாம். அந்தக் கற்கள் எப்படி நகர்ந்தன என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சின்னக்காளைக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை.

தை மாதம் காதுகுத்து நடந்தது. குழந்தை என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதது. இவர் என் மாப்பிள்ளை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பெரியப்பா வீட்டில் ஆறு பேர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். போகட்டும். இப்போது கடைக்கு யார் வந்து கேட்டாலும் நானே முந்திக்கொண்டு சொல்கிறேன். மாப்ள என்ற வார்த்தை வாயில் சரளமாக வருகிறது. அவரும் பிரியமாகத்தான் இருக்கிறார், எனக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று தெரிந்ததும் தினமும் காலையில் வாக்கிங் கூட்டிப்போகிறார்.

அப்படிப் போகும்போதுதான் முதலில் கவனித்தேன். நடைபாதை குறுகுகிற இடத்தில், "நீங்க முன்ன போங்க மச்சான்" என்றார். மரியாதை என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், கடை மாடிக்கு ஏறும்போதும் நான்தான் முன்னால். பைக் அவருடையது, ஆனால் நான் ஓட்ட வேண்டும், அவர் பின்னால்தான் உட்காருவார். வீட்டுக்குச் சாப்பிடப் போனால், நான் எங்கே உட்காருகிறேன் என்று பார்த்துவிட்டு, எனக்கு நேர் எதிரே சுவரில் சாய்ந்துதான் அவர் உட்காருகிறார். சிரித்துக்கொண்டேதான் இருக்கிறார். பேச்சு நிற்பதில்லை. தெரிந்து செய்கிறாரா, அவருக்கே தெரியாமல் உடம்பு செய்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை. நான்தான் காப்பாற்றினேன் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறார். ஆனால் மலையிலிருந்து இறங்கிய அந்த நாளிலிருந்து என் மாப்பிள்ளையின் முதுகை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.